இதுக்குப் பேரு பில்டிங் இல்ல

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் பெயர் தேவசகாயம். சுரங்கக் கம்பெனியின் கட்டடப் பிரிவில் ஓவர்சியராக இருந்தார். "அவர்" என்று எழுதுவது அவருடைய வயசுக்குக் கொடுக்கிற மரியாதை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கொத்தனார் வேலையில் இருக்கிற பெரிய கஷ்டம், நாம் கட்டியது என்னவென்று நாம் சொன்னால் செல்லாது என்பதுதான். பேண்ட் போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கிச் சொல்ல வேண்டும். கரணை பிடித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். உங்களுக்கும் ஒரு தேவசகாயம் இருந்திருப்பார்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கோலார் தங்கவயலில் பிறந்தவன் இங்கிலீஷ் வார்த்தை கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. ஷிப்டு, ஷாப்டு, லெவல், கேஜு எல்லாம் நடக்கப் பழகும்போதே வாயில் வந்துவிடும். சுரங்கத்தை மூடினபோது அந்த வார்த்தைகளுக்கும் வேலை போய்விட்டது. பில்டிங் என்ற வார்த்தைக்கு மட்டும் இன்னும் வேலை இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம், எங்கள் ஊரில் யார் யார் எதற்கெல்லாம் அதைச் சொல்கிறார்கள் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பட்டவர்கள் படித்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைச் சுவர்

எங்கள் லைன் தங்கவயலுக்குள்ளேயே ஊரிகத்தில் இருக்கிறது. லைன் என்றால் ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை அறை வீடுகள், கம்பெனி கட்டியது. அந்த அறையில் பிள்ளை பெறலாம், பிணத்தைக் கிடத்தலாம், ஒரு கல்யாணம் மட்டும் செய்ய முடியாது. அதனால் சுரங்கம் மூடுவதற்குச் சில வருஷம் முன்னால் லைன்காரர்கள் சேர்ந்து ஒரு ஹால் கட்டுவதென்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு ஆள் வேலைக்கு வர வேண்டும். கோயில்காரர்கள் காலையிலேயே வந்தார்கள். சர்ச்சுக்காரர்கள் ஆராதனை முடிந்து, நல்ல சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு வந்தார்கள். பூமிக்கு அடியில் மரம் முட்டுக் கொடுக்கிற டிம்பர்மேன் அந்தோணி கூரைக்குச் சட்டம் கோத்தான். சுவர் என் பொறுப்பு. கருங்கல்லில் இடுப்பளவு ஆழத்துக்குக் கடைக்கால் போட்டேன். கான்கிரீட் தளம் போடக் கம்பெனி விடாது என்பதால் மேலே ஷீட்டு.

பூசி வெள்ளையடித்த வாரமே ஏர் பிளாஸ்ட் வந்தது. அடியில் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே ஊரே ஒரு குலுக்குக் குலுங்கும். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துப் பக்கம் அலமாரியில் இருக்கிற பாத்திரமெல்லாம் உருண்டுவிடும். அதற்குத்தான் நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். ஓடிப்போய்ப் பார்த்தேன். மேற்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து மேலே நூல் மாதிரி ஒரு வெடிப்பு. நான் பதறவில்லை. எங்கள் ஊரில் சுவருக்கு வெடிப்பு வருவது மனுஷனுக்குச் சளி பிடிப்பது போல. அந்த வெடிப்பு அதோடு நின்றதா, இன்னும் நடக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். மெல்லிசான கண்ணாடித் துண்டை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டிவிடுவோம். சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி படக்கென்று உடைந்துவிடும். உடையாவிட்டால் சுவர் நின்றுவிட்டது. இதற்குச் சாட்சி வைப்பது என்று பெயர். எங்கள் வீட்டில் ஒரு போட்டோவின் கண்ணாடி உடைந்து கிடந்தது. அதில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்து ஒட்டினேன்.

ஈரம் காய்வதற்குள் தேவசகாயம் வந்துவிட்டார். லைனே கூடிவிட்டது. "சார், சாட்சி வெச்சிருக்கேன், கொஞ்ச நாள் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன். அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்தார், வெடிப்பைப் பார்த்தார், சாவிக்குக் கையை நீட்டினார்.

"இன்னாபா இது, மேல ஷீட்டு, பக்கத்துல வெடிப்பு. இதுக்குப் பேரு பில்டிங் இல்ல, ஷெட்டு. ஒருத்தரும் உள்ள போவக் கூடாது, பூட்டு."

பந்தல்

அந்த ஹாலில் நடக்க வேண்டிய முதல் கல்யாணம் என் மகள் மல்லிகாவுடையது. பத்திரிகையில் ஹால் என்று அச்சடித்தாகிவிட்டது. நான் தேவசகாயம் வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் சம்சாரம் டீ கொடுத்தது. "கண்ணாடி உடையல சார், ஒரு தரம் வந்து பாருங்க" என்றேன். "உனக்கு ஒரு பொண்ணு கல்யாணம் கோவிந்தா. எனக்கு அதுல எத்தினி பேர் வந்து ஒக்காருவாங்கன்றதுதான் கணக்கு" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒருபக்கமாகப் போய்விடும். அதற்கு முன்னால் ஒரு ஏர் பிளாஸ்ட்டில் சாம்பியன் ரீப்ஸில் ஒரு வீட்டுச் சுவர் விரிந்தது. இவர் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகாது, இருங்கள் என்றார். அடுத்த குலுக்கலில் அந்தச் சுவர் தூங்குகிற குழந்தை மேல் விழுந்தது. கல்லை நீக்கி அந்தக் குழந்தையை உயிரில்லாமல் தூக்கினவரும் இவர்தான். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அதற்காக அன்றைக்கும் பரிதாபப்பட்டேன், இன்றைக்கும் படுகிறேன். ஆனால் அந்தச் சுவரை நான் கட்டவில்லை.

கல்யாணத்தைத் தெருவில் பந்தல் போட்டு நடத்தினோம். தாலி கட்டுகிற நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி வயிறு மாதிரித் தொங்கியது. அந்தோணி மூங்கிலால் குத்திக் குத்திவிட்டான். குத்தின தண்ணீர் சாம்பார் அண்டாவில் விழுந்தது. எதிரிலேயே ஹால். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் பூட்டிக்கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பங்காருபேட்டைக்காரர்கள். சம்பந்தி நனைந்த துண்டைப் பிழிந்தபடியே ஹாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று சொல்ல மாட்டேன்.

"சம்பந்தி, எங்க வூட்டு மாடியில ஒரு ரூம் கட்டித் தரேன்னு சொன்னீங்களே, நீங்க கட்டினதுல நீங்களே ஒக்கார மாட்டீங்கன்னா அது வேணாங்க."

கதவு

அதற்குப் பிறகு வீடு கட்ட என்னை யாரும் கூப்பிடவில்லை. ஓவர்சியர் ஷெட்டு என்று சொன்ன சுவர் யார் கட்டியது என்று கேட்டால் லைன் பிள்ளைகள்கூட என் வீட்டைக் காட்டும். கோழிக்கூண்டு, துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டிக்கு மேடை, இப்படித்தான் வந்தது. சித்தாளாக இருந்தவர்கள் எல்லாம் மேஸ்திரி ஆகிப் பெங்களூரில் மாடி மேல் மாடி கட்டினார்கள். நான் மேஸ்திரியாக இருந்துகொண்டே கோழிக்குக் கட்டினேன். இந்த மாதிரிக் கீழே இறங்கினவர்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

லூர்துமேரி என்று எங்கள் லைனில் ஒரு பெண். விடிவதற்கு முன்னால் ரயில் பிடித்துப் பெங்களூரில் துணி தைக்கிற கம்பெனிக்குப் போய்வருகிறது. லைன் வீட்டில் குளிக்க இடம் கிடையாது; பின்பக்கம் சாக்குப் படுதா கட்டி, ஒருத்தர் காவல் நிற்க ஒருத்தர் குளிப்பதுதான் வழக்கம். ஒரு பாத்ரூம் கட்டித் தர வேண்டும் என்று வந்தது. "நமக்குன்னு வர்றது எல்லாமே ஷெட்டு வேலைதாம்மா" என்றேன். "எனக்கு உள்ள தாப்பாள் இருந்தாப் போதும்ணா" என்றது.

நான்கு சுவரும் ஒரு தகரக் கதவும்தான். ஆனாலும் கடைக்கால் போட்டுத்தான் கட்டினேன். எனக்கு வேறு மாதிரிக் கட்டத் தெரியாது. சுவர் காய்ந்த பிறகு முதல் நாள் அந்தப் பெண் உள்ளே போனதுதான் தெரியும். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகியும் கதவு திறக்கவில்லை. மாமியார் வெளியில் நின்று, "இன்னாடி, உள்ளயே குடித்தனம் போட்டுட்டியா? ரயிலு போயிடும்!" என்று கத்துகிறது. ஈரத் தலையோடு வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கதவச் சாத்திட்டு சும்மா நின்னுகினு இருந்தேண்ணா, ஒருத்தரும் அவசரப்படுத்தல. இந்த லைனுக்கே பில்டிங்குன்னா இது ஒண்ணுதான்."

அந்தோணிக்கு

டிம்பர்மேன் அந்தோணி இறந்துபோனான். நெஞ்சில் சுரங்கத் தூசி. கடைசி வருஷங்களில் அவன் வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற சத்தம் நான்கு வீட்டுக்குக் கேட்கும். அப்படி இருந்தும் என்னைப் பார்த்தால், "கோவிந்தா, உன் செவுரு மேலதான் என் கூரை நிக்குது, விட்டுறாத" என்பான். ஹால் பூட்டப்பட்டதில் எனக்கு மட்டும்தான் வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சட்டம் கோத்த கூரைக்கு அடியிலும் யாரும் உட்காரவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

அவன் மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். கல்லறை கட்ட என்னைக் கூப்பிட்டான். சாதாரணமாகச் செங்கல் மேடை கட்டி மேலே ஒரு கல் போடுவோம். அவன் அதற்கு மேல் நான்கு தூண் வைத்துச் சின்னதாக ஒரு கூரையும் வேண்டும் என்றான். "எதுக்குப்பா, செலவு" என்றேன். கல்லறைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், தங்கம் பிரித்து எடுத்த பிறகு கொட்டின சயனைடு மண்மேடு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. பையன் நான்கு தூணுக்கும் செருப்புக் காலால் இடம் கீறிக் காட்டினான். நான்கு மூலைக்கும் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துக் கட்டினேன். உள்ளே இருப்பவன் கூரை வேலைக்காரன். கோணலாக இருந்தால் என்னைச் சும்மா விட மாட்டான். கூலியைக் கையில் வைத்தபோது பையன் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"எங்கப்பா பொறந்தது கம்பெனி வூடு, செத்தது கம்பெனி வூடு. அவருக்குன்னு ஒரு பில்டிங் இதுதான் அங்கிள்."

வெளியே ஷெட்டு, உள்ளே பில்டிங்

கம்பெனி நடந்த காலத்தில் லைன் வீட்டுக்குப் பின்னால் யாரும் ஒரு செங்கல்கூடச் சேர்த்துக் கட்டக் கூடாது. ஆடு கட்ட, விறகு வைக்க ஷெட்டு போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் பெருகினால் எங்கே படுப்பது? அதனால் நாங்கள் ஒரு தந்திரம் செய்தோம். உள்ளே செங்கல் வைத்துச் சிமெண்டு பூசிக் கட்டிவிடுவோம். வெளியே தார் டின்னைத் தட்டித் தகடாக்கி மூடி ஆணி அடித்துவிடுவோம். பார்க்கிறவனுக்கு ஆட்டுக் கொட்டகை. உள்ளே போனால் கட்டிலும் பீரோவும் இருக்கும். வேறு ஊர்க் கொத்தனார் கேட்டால் சிரிப்பான். நல்ல சுவரை மோசமான சுவர் மாதிரிக் காட்டுவதற்குக் கூலி வாங்கினவர்கள் நாங்கள் மட்டும்தான்.

இப்போது எல்லாம் தலைகீழ். குடியிருக்கிறவர்களுக்கே வீடு சொந்தமாகக் கிடைக்கும் என்று ஒரு பேச்சு அடிக்கடி வரும், போகும். பேச்சு வந்தால் பின்னாலேயே டேப்பு பிடித்துக்கொண்டு ஆட்களும் வருவார்கள். பில்டிங் என்றால்தான் கணக்கில் சேருமாம், ஷெட்டு சேராதாம். லைன் முழுக்க ஆணி பிடுங்குகிற சத்தம். என்னையே கூப்பிட்டு, "நீ அடிச்ச தகடுதானே, நீயே பிரி" என்றார்கள்.

கன்னியம்மா என்று எனக்கு அடுத்த வீடு. புருஷன் இல்லை, வாய் மட்டும் நாலு பேருக்கு உண்டு. அந்த அம்மாவின் தகட்டை நான் பாதி பிரித்துக்கொண்டிருந்தபோதே அளக்கிற பையன் வந்துவிட்டான். பெங்களூர்ப் பக்கத்துக் கன்னடப் பையன். பாதி தகடு, பாதி செங்கல்லாக நிற்கிற சுவரைப் பார்த்துக் குழம்பிப்போய், "அம்மா, இது பில்டிங்கா ஷெட்டா, சரியாகி ஹேளி" என்றான், சரியாகச் சொல்லுங்கள் என்று. கன்னியம்மா அவனை மேலும் கீழும் பார்த்தது.

"கம்பெனி ஆளு வந்தா ஷெட்டு, கவர்மெண்டு ஆளு வந்தா பில்டிங்கு. நீ யாருன்னு மொதல்ல சொல்லு சாமி."

மல்லிகா

என் மகள் இப்போதும் பங்காருபேட்டையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போகிற வயசு. அன்றைய மழையைப் பற்றி நான் பேச்செடுத்தால் அதற்குப் பிடிக்காது. "மழைன்னால எல்லாரும் பந்தலுக்கு நடுவுல நெருக்கிகினு நின்னாங்க, எங்க மாமியார் என் தலைக்கு மேல முந்தானைய பிடிச்சிகினு நின்னாங்க. எனக்கு அதான் ஞாபகம். நீ மட்டும்தான் ஹாலையே பாத்துகினு இருந்த" என்கிறது. நனைந்தது அதுவாக இருந்தாலும் பூட்டினது என் சுவரை.

ஒருநாள் போனில் கூப்பிட்டது. நான் வழக்கம்போலத் தேவசகாயத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அது பேச்சை வெட்டியது.

"அப்பா, நிக்கிற செவுரும் மேல கூரையும் இருந்தா அதுக்குப் பேரு பில்டிங்குன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்குது, இப்பதான் போன்ல பாத்தேன். இது சொன்னாப் போதாதா, அந்தாளு வந்துதான் சொல்லணுமா?"

மழை

அந்தாளு வந்துதான் சொல்ல வேண்டும். ஊர் கூடி நின்றபோது சொன்ன வார்த்தையை ஊர் கூடி நிற்கும்போதுதான் எடுக்க முடியும். போன் சொன்னால் யாருக்குக் கேட்கும்?

சுரங்கத்தை மூடினார்கள், கம்பெனி போனது, தேவசகாயம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் போட்ட பூட்டு மட்டும் இருந்தது. சாவி லைன்காரர்கள் கைக்கு வந்த பிறகும் ஹாலில் யாரும் உட்காரவில்லை, பயம் பழகிவிட்டது. அம்மன் திருவிழா சீரியல் விளக்கும், கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுகிற மூங்கிலும், சாமியானாக் கம்பும் போட்டு வைத்தார்கள். நான் அவ்வப்போது எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக மேற்குச் சுவரைப் பார்ப்பேன். சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பின பிறகும் எங்கள் ஊரில் எப்போதாவது பூமி அதிரும். அதிர்ந்த மறுநாள் காலையில் முதல் வேலை எனக்கு அதுதான். கண்ணாடி மேல் தூசி ஏறியிருக்கும். உடைந்திருக்காது.

போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பின் லைனில் பழைய மண் சுவர்கள் ஊறி, ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. நல்லவேளை, ஆள் சேதம் இல்லை. எங்கே போவது என்று ஜனம் பாத்திரமும் படுக்கையுமாகத் தெருவில் நிற்கிறது. சாவியை வைத்திருந்தவன் ஊரில் இல்லை. கன்னியம்மா கடப்பாறையை எடுத்துவந்து பூட்டை ஒரே போடு போட்டது. கதவு திறந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள்.

மறுநாள் காலையில் நான் டீத் தூக்கு எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே சாமியானாத் துணியை விரித்து, சுவரோரமாக வரிசையாகப் பிள்ளைகள் படுத்திருந்தன. லூர்துமேரி அடுப்பு மூட்டப் பார்த்துக்கொண்டிருந்தது. மேற்குச் சுவருக்குப் பக்கத்தில், ஜன்னல் மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவர் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவசகாயம். சம்சாரம் போன பிறகு பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். கூரை சரிந்துவிட்டதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து இறக்கியிருந்தார்கள். அவர் ஒரு விரலால் சுவரில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். என் கண்ணாடி.

"இன்னா கோவிந்தா, நல்லா கீறியா?"

"கீறேன் சார்."

"உடையலபா இது."

"உடையல சார்."

"அப்ப வெச்சதேவா? மாத்தினியா?"

"அப்ப வெச்சதுதான். ஈரம் காயறதுக்குள்ள நீங்க வந்தீங்களே, அது."

அவர் டீயை வாங்கிக்கொண்டார். கன்னியம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தது: "இன்னா ஓவர்சியரே, மொத்த லைனும் உள்ள வந்து ஒக்காந்தாச்சு, நீங்களும் ஒக்காந்தாச்சு. இப்ப சொல்லுங்க, இது ஷெட்டா பில்டிங்கா?" சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. லைனில் அன்றைக்கு நின்றவர்களில் மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் அந்த அறையில் இருந்தார்கள். மழை ஷீட்டு மேல் அடித்துக்கொண்டிருந்தது. "சொல்லுங்க சார்" என்றேன்.

தேவசகாயம் வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்போது அவர் கண் சுவரோரம் படுத்திருந்த பிள்ளைகள் மேல் போனது. ஒவ்வொரு தலையாகப் போய், கடைசித் தலைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சின்னக் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார், அதற்குக் கேட்டுவிடப் போகிறது என்பது போல.

"மழ நிக்கட்டும் கோவிந்தா. புள்ளைங்கள்லாம் பத்தரமா வெளிய போயிடட்டும், அப்புறம் சொல்றேன்."

அன்று சாயங்காலம் அவர் மகன் பெங்களூரிலிருந்து காரில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். தை மாதம் அந்த ஹாலில் பின் லைன் பெண் ஒன்றுக்குக் கல்யாணம் நடந்தது; நான் மேற்குச் சுவரை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மழை நின்றது, பிள்ளைகள் பத்திரமாக வெளியே போய்விட்டன, சாட்சியும் உடையாமல் இருக்கிறது, எனக்கு வர வேண்டியது அவர் வாயிலிருந்து ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைதான்.